குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகமா? முதல் பரிசோதனையிலிருந்து சான்றிதழ் வரை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு வயதாகியும் பேச்சு வராத குழந்தை, ஒரு நிமிடம்கூட உட்காராத குழந்தை, மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தை. இவர்களின் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டிய பதில்கள் இவை.

"ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினார்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

வேண்டாம். ஆண் குழந்தைகள் சராசரியாகக் கொஞ்சம் பிந்திப் பேசுவது உண்மை. ஆனால் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு மாதக் கணக்கில்தான் இருக்கும், வருடக் கணக்கில் இருக்காது. அப்பா நாலு வயதில் பேசினார் என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது. குடும்பத்தில் அப்படியொரு வரலாறு இருந்தால் இன்னும் சீக்கிரமாகப் பார்க்க வேண்டும்.

தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். யார் எட்டிப் பிடிப்பார், யார் மாட்டார் என்பதைத்தான் வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் உங்களுக்கு அரை நாள் போகும். சோதிக்காமல் விட்டு ஏதாவது இருந்தால், மூளை வேகமாகக் கற்கும் முதல் மூன்று வருடங்களில் பாதி போய்விடும்.

நாக்கு ஒட்டியிருப்பதால் பேச்சு வரவில்லை என்று வெட்டிவிடச் சொல்பவர்களும் உண்டு. நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருந்தால் சில ஒலிகள் தெளிவில்லாமல் போகலாம், பேச்சே வராமல் போகாது.

எந்த வயதில் எது இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டும்?

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஐந்து மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதம் முடிந்தும் பிடிமானமின்றி உட்காரவில்லை, பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் காட்டுங்கள். பத்து மாதத்துக்குள் "பாபா, தாதா" என்று ஒலிகளை அடுக்கிப் பேசிப் பார்க்க வேண்டும். பதினாறு மாதத்தில் பொருளோடு ஒரு சொல்லாவது வர வேண்டும். இரண்டு வயதில் "பால் வேணும்", "அப்பா வா" மாதிரி இரண்டு சொல் சேர வேண்டும். ரைம்ஸ் ஒப்பிப்பதையும், நாம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதையும் இதில் சேர்க்காதீர்கள்.

பேச்சைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை: சுட்டு விரல். பதினான்கு, பதினைந்து மாதக் குழந்தை பறக்கும் காக்கையை விரலால் சுட்டிக்காட்டி, உடனே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். "நீயும் பார்த்தியா?" என்று கேட்கும் பார்வை அது. வேண்டிய பொருளை எடுக்க உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போவது வேறு. அதில் உங்கள் கை ஒரு கருவி, அவ்வளவுதான். பதினெட்டு மாதத்திலும் பகிர்ந்துகொள்ளும் இந்தச் சுட்டல் இல்லையென்றால், நான்கு வார்த்தை பேசும் குழந்தையாக இருந்தாலும் பரிசோதனை தேவை.

இன்னொன்று, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது. "இடக்கைப் பழக்கம்" என்று பெருமைப்படுகிறார்கள். அந்த வயதில் கைப்பழக்கம் நிலைபெறாது. மறு கை பலவீனமாக இருக்கிறதா, அதாவது பெருமூளை வாதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எது அவசரம்?

வந்த திறன் போவது. பேசிய சொற்கள் மறைந்தாலும், கையசைத்து டாட்டா காட்டியது நின்றாலும், நடை தள்ளாடத் தொடங்கினாலும், எந்த வயதானாலும் அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திருக்காதீர்கள். கைக்குழந்தை தூங்கி எழும்போது வரிசையாகப் பல முறை திடுக்கிட்டது போலக் கைகளை விரித்து, தலையை முன்னே குத்தினால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். வயிற்றுவலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். போனில் படம் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த வலிப்பில் ஒவ்வொரு நாள் தாமதமும் வளர்ச்சியைப் பாதிக்கும்.

யாரிடம் போவது? அரசு மருத்துவமனையில் இதெல்லாம் உண்டா?

உண்டு, அதுவும் இலவசமாக. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரையான குழந்தைகளுக்கு வளர்ச்சித் தாமதமும் பரிசோதிக்கப்படுகிறது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அவர்கள் சந்தேகப்படும் குழந்தையை மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு, எல்லோரும் சொல்கிறபடி டி.இ.ஐ.சி.க்கு, அனுப்புவார்கள். அந்தக் குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நேரடியாகவும் போகலாம். குழந்தை மருத்துவர், காது கேட்பியல் வல்லுநர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த மையத்தின் அமைப்பு. ஊருக்கு ஊர் எந்தப் பணியிடம் நிரம்பியிருக்கிறது என்பது மாறும். எந்தக் கிழமை யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் குறையும்.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனித் துறை உண்டு. ஆனாலும் முதல் படி உங்கள் ஊர்க் குழந்தை மருத்துவர்தான். அவர் "பார்க்கலாம், கொஞ்ச நாள் போகட்டும்" என்றால், எத்தனை வாரம், எதைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் இன்னொருவரைப் பாருங்கள்.

ஆன்லைனில் எம்-சாட் போட்டுப் பார்த்தோம், ஒன்பது மார்க் வந்தது. அப்படியென்றால் ஆட்டிசமா?

அது சல்லடை, தராசு இல்லை. எம்-சாட் என்பது ஆட்டிசச் சந்தேகம் உள்ளவர்களைச் சலித்தெடுக்கும் கேள்வித்தாள், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள். 0 முதல் 2 வரை ஆபத்து குறைவு. குழந்தைக்கு இரண்டு வயது முடியவில்லை என்றால் முடிந்ததும் ஒருமுறை மறுபடி போட வேண்டும். 3 முதல் 7 வரை வந்தால் தவறிய கேள்விகளை மட்டும் எடுத்து, பயிற்சி பெற்றவர் விளக்கமாக மறுபடி கேட்பார். அப்போதும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் மேல்பரிசோதனை. 8 அல்லது அதற்கு மேல் என்றால் இடைப்படி இல்லாமல் நேராக மேல்பரிசோதனைக்குப் போகலாம்.

வீட்டில் போடும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளுக்கு மட்டும் "ஆம்" என்றால்தான் ஆபத்துப் புள்ளி, மற்றவற்றுக்கு "இல்லை" என்றால். இதைக் கவனிக்காமல் கூட்டினால் எண் மாறிவிடும். இரண்டாவது, "எப்போதாவது ஒருமுறை செய்திருக்கிறான்" என்பதற்கு "ஆம்" போடுவது. வழக்கமாகச் செய்கிறானா என்பதுதான் கேள்வி. இந்தச் சல்லடையில் நிற்கும் குழந்தைகள் எல்லோருக்கும் ஆட்டிசம் இருக்காது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வளர்ச்சி உதவி தேவைப்படுகிறது. அதனால் ஒன்பது மார்க்கைப் பார்த்து இடிந்துபோகவும் வேண்டாம், மூடி வைக்கவும் வேண்டாம்.

கதவைச் சாத்தினால் திரும்பிப் பார்க்கிறான், டி.வி. விளம்பரம் வந்தால் ஓடி வருகிறான். அப்புறம் எதற்குக் காது டெஸ்ட்?

இந்தக் கேள்வியால் தள்ளிப்போன பரிசோதனைகள் ஏராளம். கதவுச் சத்தம் கனமான ஒலி. அதற்குத் திரும்பும் குழந்தைக்கு "ச", "ஷ", "ஸ" போன்ற மெல்லிய, உச்ச சுருதி ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். சொற்களைப் பிரித்தறிய வேண்டியது அந்த ஒலிகள்தான். விளம்பரத்துக்கு ஓடி வருவதில் கண்ணும் சேர்ந்திருக்கிறது. பிறந்தவுடன் செய்த ஓ.ஏ.இ. சோதனையில் தேறிய குழந்தைக்குக்கூடப் பின்னால் கேட்கும் திறன் குறையலாம். சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலும் மந்தமாகும். பேச்சுத் தாமதம், ஆட்டிசச் சந்தேகம், அறிவுத்திறன் குறைவு என்று எந்தப் பெயர் வைக்கும் முன்பும் காதை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும்.

சிறு குழந்தைக்கு பெரா சோதனை வழக்கம். நெற்றியிலும் காதின் பின்னாலும் சிறு மின்முனைகளை ஒட்டி, காதில் டிக் டிக் என்று ஒலி கொடுத்து, நரம்பும் மூளைத்தண்டும் அதற்குத் தரும் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். முதல் நாள் இரவு தாமதமாகப் படுக்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வரும் வழியில் தூங்கவிடாமல் அழைத்து வாருங்கள். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், முந்தின நாளே தலைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள். நெற்றியில் திருநீறும் மைப்பொட்டும் வேண்டாம். தோலில் பிசுக்கு இருந்தால் மின்முனை ஒட்டாமல் பதிவு கெட்டு, இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். தூக்க மருந்து தேவைப்பட்டால் அதை மருத்துவமனையில், மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் கொடுக்க வேண்டும். எத்தனை மணிநேரம் முன்பு பாலும் சாப்பாடும் நிறுத்துவது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

சாதாரண பெரா பெரும்பாலும் உச்ச சுருதி ஒலிகளைத்தான் அளக்கும். குறை தெரிந்தால் எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு என்று அறிய ஏ.எஸ்.எஸ்.ஆர். என்ற சோதனை செய்வார்கள்.

மதிப்பீட்டு நாளில் என்னதான் செய்வார்கள்?

பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரிதான் இருக்கும். மேசையில் ஓர் அங்குல மரக்கட்டைகள் சில. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கச் சொல்வார்கள். பதினைந்து மாதத்தில் இரண்டு, இரண்டு வயதில் ஆறு அடுக்கு நிற்கும். மூன்று வயதில் மூன்று கட்டைகளால் பாலம் வரும். வட்டத்தைப் பார்த்து வரைவது மூன்று வயதுத் திறன், முக்கோணம் ஐந்து வயதுத் திறன். குழிகள் வெட்டிய பலகையில் பத்து வடிவங்களைப் பொருத்தும் செகுவின் பலகை என்று ஒன்று உண்டு. மூன்று முறை செய்யவைத்து, குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பார்கள்.

பார்ப்பவர் கவனிப்பது அடுக்கின் உயரத்தை மட்டும் அல்ல. கட்டை விழுந்ததும் குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறதா, மறுபடி முயல்கிறதா, கட்டையை அடுக்காமல் வரிசையாக வைத்துக் கண்ணருகே குனிந்து பார்க்கிறதா, "தா" என்று கையை நீட்டினால் கொடுக்கிறதா என்பதெல்லாம் குறிப்பில் ஏறும். நடுவில் உளவியலாளர் வேண்டுமென்றே ஒரு மிட்டாய் டப்பாவை இறுக மூடிக் கொடுப்பார். குழந்தை உதவி கேட்கும் விதத்தைப் பார்க்கத்தான். அந்த நேரத்தில் "திறந்து தா ஆன்ட்டின்னு கேளு கண்ணா" என்று பின்னாலிருந்து சொல்லிக் கொடுக்காதீர்கள். பாசத்தால் செய்வதுதான், ஆனால் அந்தக் கேள்வியே வீணாகிவிடும்.

சோதனைகளின் பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். முப்பது மாதம் வரை டி.ஏ.எஸ்.ஐ.ஐ., அதில் அசைவுத் திறனுக்கு 67 கூறுகளும் அறிவுத் திறனுக்கு 163 கூறுகளும் உண்டு. வாழ்க்கைத் திறனுக்கு வி.எஸ்.எம்.எஸ். பெரிய குழந்தைகளுக்கு பினே-காமத் அல்லது மாலின் அறிவுத்திறன் சோதனை. ஒரே அமர்வில் முடிப்பது அரிது. இரண்டு மூன்று அமர்வு ஆகும் என்று விடுப்பைத் திட்டமிடுங்கள்.

வி.எஸ்.எம்.எஸ்.ஸில் எங்கள் பிள்ளைக்கு ரொம்பக் குறைவாக வந்தது. தானே சாப்பிட முடியும், நாங்கள்தான் ஊட்டுகிறோம்.

நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் இது. அந்தச் சோதனை பெற்றோரிடம் கேள்வி கேட்டே நிரப்பப்படுகிறது. நாலு வயதிலும் பாட்டி நிலா காட்டி ஊட்டுவார், தாத்தா செருப்பு மாட்டிவிடுவார், அம்மா பட்டன் போடுவார். "தானாகச் சாப்பிடுவானா?" என்றால் "இல்லை" என்று பதில் வரும். குழந்தையால் முடியாதது வேறு, வாய்ப்பே தராதது வேறு. கேட்கும்போதே "செய்யவிட்டதில்லை" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் தட்டில் போட்டுக் கொடுத்து, சிந்தினாலும் பரவாயில்லை என்று விட்டுப் பார்த்து, பிறகு மறுபடி கேட்கச் சொல்லலாம். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. பள்ளியில் சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தில் "எல்லாம் செய்வான்" என்று கூட்டிச் சொல்வார்கள். அப்படி வரும் எண்ணால் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய உதவிதான் குறையும்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்திருந்தால் அந்தத் தாள்கள், தாய் சேய் நல அட்டை, பழைய ரிப்போர்ட் எல்லாம். பள்ளி போகும் பிள்ளை என்றால் விடைத்தாள்களைவிட வகுப்பு நோட்டு உதவும். பிடித்த தின்பண்டம், பிடித்த பொம்மை. பகலில் குழந்தையை வைத்திருப்பது பாட்டி என்றால் பாட்டியும் வர வேண்டும், பாதிப் பதில் அவரிடம்தான் இருக்கும்.

கூடவே போனில் சின்னச் சின்ன வீடியோக்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்: தனியாக விளையாடும்போது, இன்னொரு குழந்தையோடு இருக்கும்போது, சாப்பிடும்போது, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்போது. "டாட்டா காட்டு, மாமாவுக்குப் பாட்டு பாடு" என்று சொல்லாமல், குழந்தையின் உயரத்தில் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். புது இடத்தில் பயந்து மடியில் ஒட்டிக்கொள்ளும் குழந்தைக்கு இந்த வீடியோதான் சாட்சி. காய்ச்சலாக இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். தூங்கும் நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள்.

எட்டு வாரம் முன்னாலேயே பிறந்த குழந்தை. வயதை எப்படிக் கணக்கிடுவது?

40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைந்ததோ அதை இப்போதைய வயதிலிருந்து கழிக்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்து இன்று 12 மாதமான குழந்தையின் திருத்திய வயது சுமார் 10 மாதம். இரண்டு வயதுவரை இப்படித் திருத்திப் பார்ப்பது வழக்கம். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு, அதில் கழிக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் திருத்திய வயது எழுதப்படாவிட்டால் கேளுங்கள். குறைமாதக் குழந்தைக்கு இல்லாத தாமதம் ஏட்டில் ஏறுவது பெரும்பாலும் இந்த ஒரு கழித்தலை விட்டதால்தான்.

டி.கியூ. 62 என்று எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கு 62 மார்க்கா?

இல்லை. டி.கியூ. என்பது வளர்ச்சி ஈவு, வளர்ச்சி வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது. 24 மாதக் குழந்தை 15 மாதத் திறன்களைக் காட்டினால் 62.5. எழுபதுக்குக் கீழே இருந்தால் குறிப்பிடத்தக்க தாமதம் என்பார்கள். ஐந்து வயதுக்குள், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறைகளில் இப்படி இருந்தால் "ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்" என்று எழுதுவார்கள். இதை அறிவுத்திறன் குறைபாடு என்று படித்துக்கொண்டு உடைந்துபோகாதீர்கள். அந்த முடிவை ஐந்து வயதுக்கு முன் எடுப்பதில்லை. இரண்டு வயதில் வரும் எண், பத்து வயதில் பிள்ளை எப்படி இருப்பான் என்பதைச் சொல்லாது. ஆறு மாதத்தில் எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிட அது பயன்படும்.

ஒற்றை எண்ணை மட்டும் பார்க்கவும் கூடாது. அசைவு 90, மொழி 45 என்றிருக்கும் குழந்தையும், இரண்டிலும் 65 உள்ள குழந்தையும் சராசரியில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிவார்கள். இருவருக்கும் தேவை முற்றிலும் வேறு.

ஆட்டிசத்தை எப்படி உறுதி செய்கிறார்கள்? ரத்தப் பரிசோதனை இருக்கிறதா?

கிடையாது. ஸ்கேனிலும் தெரியாது. வளர்ச்சி வரலாற்றைக் கேட்டு, குழந்தையை நேரில் கவனித்து, டி.எஸ்.எம்.-5 என்ற மனநல நோய் வரையறைக் கையேட்டின் நெறிகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். சமூகத் தொடர்பில் மூன்று குறைகள் இருக்க வேண்டும்: பரிமாறிக்கொள்வதில், கண்ணும் சைகையும் சேர்ந்த பேச்சில்லாத் தொடர்பில், உறவும் சேர்ந்த விளையாட்டும் அமைப்பதில். மூன்றும் இருந்தாக வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்காமை, ஒரே பொருளில் மிகுந்த பிடிப்பு, ஒலி தொடுகை போன்ற புலனுணர்வில் மிகை அல்லது குறை ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

இந்தியாவில் அளவிடப் பயன்படுவது ஐ.எஸ்.ஏ.ஏ.: 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 70-க்குக் கீழே ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். பதினைந்து கூறுகள் கொண்ட கார்ஸ் அளவுகோலையும் பல மையங்களில் பயன்படுத்துகிறார்கள். எந்த அளவுகோலாக இருந்தாலும், பதினைந்து நிமிடத்தில் குழந்தையைத் தொடாமலே பெற்றோரிடம் கேட்டு நிரப்பிய தாளை நம்பி வாழ்க்கை முடிவு எடுக்காதீர்கள்.

கண்ணைப் பார்க்கிறான், கட்டிப்பிடிக்கிறான், அதனால் ஆட்டிசம் இருக்காது என்பதும் சரியில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அம்மாவிடம் பாசமாகவே இருப்பார்கள்.

ஏ பி சி டி, கலர், கிரகங்கள் எல்லாம் இங்கிலீஷில் சொல்கிறான். "அம்மா" என்று கூப்பிட மாட்டேன் என்கிறான். போன் பார்த்ததால் வந்ததா?

இன்று அடிக்கடி காணும் படம் இது. போனில் கேட்டதை ஒப்பிப்பது நினைவாற்றல். பசிக்கும்போது "மம்மம் தா" என்று கேட்பதுதான் பேச்சு. திரையை நிறுத்துங்கள், அதில் இரண்டு கருத்து இல்லை. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்பதும், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதல். ஆனால் "விர்ச்சுவல் ஆட்டிசம், போனை நிறுத்தினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்லிப் பரிசோதனையைத் தள்ளிவைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருத்துவ நெறிகளில் அப்படியொரு நோய்ப்பெயர் இல்லை. போனை இன்றே நிறுத்துங்கள், அப்பாயின்ட்மென்ட்டையும் இன்றே வாங்குங்கள்.

எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., ஜீன் டெஸ்ட் எல்லாம் எடுக்க வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். பேச்சு மட்டும் தாமதமான குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. தலைச் சுற்றளவு வயதுக்கு மீறிச் சிறுத்தோ பெருத்தோ இருந்தால், ஒரு பக்கம் பலவீனம் இருந்தால், வலிப்பு இருந்தால், திறன் பின்வாங்கினால் எம்.ஆர்.ஐ.க்குப் பொருள் உண்டு. மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. வலிப்புச் சந்தேகத்துக்கும் பின்வாங்கலுக்கும்தான்.

தவறவிடக் கூடாதவை மலிவான சோதனைகள். தைராய்டு குறைவு சரிசெய்யக்கூடிய காரணம், அதனால் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். ரத்தசோகையும் இரும்புச்சத்தும் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு பி12 குறைந்து, குழந்தை தாய்ப்பாலை மட்டுமே குடித்து வளர்ந்தால் குழந்தைக்கும் பி12 குறைந்து திறன் பின்வாங்கலாம், ஊசியால் மீட்கலாம். தாமதமாக நடந்த, மாடிப்படி ஏறத் திணறும் ஆண் குழந்தைக்கு சி.பி.கே. என்ற ரத்தச் சோதனை பார்த்தால் தசைச் சிதைவு நோய் உண்டா என்று குறிப்புக் கிடைக்கும்.

காரணம் புரியாத ஒட்டுமொத்தத் தாமதத்துக்கு குரோமோசோம் மைக்ரோஅரேயும் ஃப்ரஜைல்-எக்ஸ் சோதனையும் முதலில் வருபவை. தாய்மாமனுக்கோ அம்மா வழியில் வேறு ஆண்களுக்கோ கற்றல் குறை இருந்தால் அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள், ஃப்ரஜைல்-எக்ஸ் என்பது அறிவுத்திறனைப் பாதிக்கும் மரபுக் குறை, பெண்கள் வழியாகக் கடத்தப்படுவது. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் திருமணம் நடந்திருந்தால் வளர்சிதைமாற்ற நோய்களுக்கான சோதனையும் சேரும். அதைக் கேட்பது யாரையும் குற்றம் சொல்ல அல்ல. அடுத்த குழந்தைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அதில் இருக்கலாம்.

மூன்று வயது, ஓடிக்கொண்டே இருக்கிறான். ஏ.டி.எச்.டி.யா?

ஏ.டி.எச்.டி. என்பது கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு. மூன்று வயதில் அந்தப் பெயர் வைப்பது மிகச் சீக்கிரம். நான்கு வயதுக்கு முன் பொதுவாக உறுதி செய்வதில்லை. கவனக்குறைவு ஒன்பது, மிகைத்துடிப்பு ஒன்பது என்ற அறிகுறிப் பட்டியல்களில் ஏதாவது ஒன்றிலாவது ஆறு, ஆறு மாதமாக, வீடு பள்ளி என்று இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். வீட்டில் மட்டும் ஆடுகிறான், பள்ளியில் அமைதி என்றால் வேறு காரணம் தேடுங்கள். குறட்டை விட்டு, வாய் திறந்து தூங்கும் பிள்ளைக்கு மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கம் கெட்டாலும் பகலில் துடிப்பு வரும்.

மூன்றாம் வகுப்பு. "ல, ள, ழ" குழப்புகிறாள். டிஸ்லெக்சியாவா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ல-ள-ழ, ன-ண-ந, ர-ற குழப்பம் தமிழ் எழுதும் பெரியவர்களுக்கே உண்டு. மூன்று வயதில் "பயம் வேணும்" என்று பழத்தைக் கேட்பதும் இயல்பு, "ழ" கடைசியாக வரும் ஒலிகளில் ஒன்று. கவலைப்பட வேண்டியவை வேறு: "கொ"வில் கொம்பையும் காலையும் எழுத்தின் எந்தப் பக்கம் போடுவது என்று இன்னும் தடுமாறுவது, "பட்டம்" என்பதில் எத்தனை ஒலி என்று தட்டிச் சொல்ல முடியாதது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக வாசிப்பது, கதையாகச் சொன்னால் முழுக்கப் புரிந்துகொண்டு எழுத்தாகத் தந்தால் தேங்குவது.

டிஸ்லெக்சியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை எட்டு வயது அல்லது மூன்றாம் வகுப்பு அளவில்தான் முறையாக மதிப்பிடுகிறார்கள். அதற்கு முன் கற்றுத்தரப்பட்டதே போதாமல் இருக்கலாம். பார்வை, கேட்டல், அறிவுத்திறன் மூன்றையும் பார்த்துவிட்டு, பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் தொகுப்பு போன்ற வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்றால் இரண்டு மொழியிலும் வாசிக்கச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து எழுதிய ரிப்போர்ட் பாதிதான். தமிழ் சரளம், ஆங்கிலம் மட்டும் திணறல் என்றால் கற்பித்தலையும் பழக்கத்தையும் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டு இடத்தில் இரண்டு பெயர் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பெயரைப் பார்க்காமல் கவனித்தவற்றை ஒப்பிடுங்கள். இரண்டு ரிப்போர்ட்டிலும் "பெயருக்குத் திரும்புவதில்லை, சைகை குறைவு" என்றே இருக்கும், முடிவு மட்டும் மாறும். இரண்டு வயதில் அது நடக்கக்கூடியதுதான். ஒருவர் பத்து நிமிடமும் மற்றவர் இரண்டு அமர்வும் பார்த்திருந்தால், அல்லது ஒருவர் காது சோதனை கேட்கவே இல்லையென்றால், எந்த ரிப்போர்ட்டுக்கு எடை அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

நல்ல ரிப்போர்ட்டில் பிறந்த தேதி, சோதித்த நாளில் வயது, பயன்படுத்திய சோதனைகள், எந்த மொழியில் சோதித்தார்கள், அன்று குழந்தை எப்படி ஒத்துழைத்தது, எண்கள், முடிவு, அடுத்து என்ன செய்வது என்பதெல்லாம் இருக்கும். மருத்துவ உளவியலாளர், பேச்சு-கேட்பியல் வல்லுநர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கையெழுத்தின் கீழே ஆர்.சி.ஐ. எண் இல்லாத ரிப்போர்ட் சான்றிதழுக்குப் போகும்போது தடையாகும்.

நோய்ப்பெயர் உறுதியான பிறகுதான் தெரபி தொடங்க வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்களானால் இதைப் படியுங்கள். வேண்டாம், தாமதம் தெரிந்த அன்றே தொடங்குங்கள். பேசாத குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி தொடங்க, அது ஆட்டிசமா மொழித் தாமதமா என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. மதிப்பீட்டு வரிசை மாதக் கணக்கில் நீளும்போது, அந்த மாதங்களில் திரையை அணைத்து, குழந்தையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அது பார்ப்பதற்குப் பெயர் சொல்லி, கேட்கும்வரை ஐந்து விநாடி பொறுத்துக் கொடுத்துப் பழகலாம். தெரபிஸ்ட் வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் இருப்பார், மற்ற நேரமெல்லாம் நீங்கள்தான். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் குணமாகும் என்று லட்சங்கள் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அதை ஆட்டிசத்துக்கான சிகிச்சையாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏற்கவில்லை.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களே?

அந்தப் பயம் புரிகிறது. சான்றிதழைக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் தேவைப்படும் நாளில் அது இல்லையென்றால் அலைய வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகள். யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, குறித்த நாளில் மருத்துவக் குழு முன் போக வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். பராமரிப்பு உதவித்தொகைக்கும் அங்கேயே கேட்கலாம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய்வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் ஓரளவு அடங்கும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தரும் சான்றிதழ் பெரும்பாலும் தற்காலிகமானது. அதில் உள்ள முடிவுத் தேதியை இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள்.

மறுமதிப்பீடு எப்போது?

மூன்று வயதுக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன் கட்டாயம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுபவரோ வேண்டுமென்றால், ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே ரிப்போர்ட்டைப் புதுப்பிக்கும் வேலையில் இறங்குங்கள். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடினால் மருத்துவக் குழுவின் தேதியே கிடைக்காது. அதே சோதனையை ஆறு மாதத்துக்குள் மறுபடி செய்யவைக்காதீர்கள், குழந்தைக்கு விடை நினைவிருக்கும், எண் பொய்யாக ஏறும். மூல ரிப்போர்ட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், நகலை மட்டும் கொடுங்கள்.